வீட்டு நீச்சல் குளம்

வீட்டு நீச்சல் குளம் என்பது ஒரு குடும்பத்தினர் நீந்துவதற்கும் நீரில் விளையாடுவதற்கும் தம் வீட்டு வளாகத்திலேயே, பெரும்பாலும் கொல்லைப்புறத்தில், அமைத்துக்கொள்ளும் செயற்கை நீர்நிலை ஆகும். கிணறு, சம்ப் முதலியவற்றில் நீர் எடுக்கப்பட்டுத் தீர்கிறது. நீச்சல் குளத்தில் ஒருமுறை நிரப்பிய நீரே வடிகட்டப்பட்டு, கிருமி நீக்கப்பட்டு, பல மாதங்களுக்குத் தொடர்ந்து பயன்படுத்தப்படுகிறது. எனவே இது ஒரு கட்டுமானமாக இருப்பதோடு, நாள்தோறும் இயங்க வேண்டிய சிறு நீர்த் தூய்மிப்பு நிலையமாகவும் உள்ளது.

ஒரு குளத்தின் வடிவமைப்பு அது அமையும் இடத்தின் மண்ணையும் நீரையும் சார்ந்தது. இக்கட்டுரை சென்னையின் தென்புறநகர்ப் பகுதியான கேளம்பாக்கத்தை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. கழிமுகத்தை ஒட்டிய தாழ்நிலமான இப்பகுதியில் கோடையில் குளத்தை நிரப்ப நீர் கிடைப்பது அரிது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் குளத்தையே கீழிருந்து தூக்கிவிடக்கூடும். இவ்விரண்டு நிலைகளையும் கருத்தில் கொள்ளாத வரைபடம் இவ்விடத்துக்குப் பொருந்தாது.

வரலாறு

நீர் கசியாத குளிக்கும் குளத்தை அமைக்கும் நுட்பம் மிகப் பழமையானது. 1925-26 அகழாய்வில் வெளிப்பட்ட மொகஞ்சதாரோவின் பெருங்குளம் ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும், 7 மீட்டர் அகலமும், 2.4 மீட்டர் ஆழமும் கொண்டது. நெருக்கமாக அடுக்கிய சுட்ட செங்கற்களுக்குப் பின்னால் நிலக்கீல் பூசி அதன் கசிவைத் தடுத்திருந்தனர். இலங்கையில் அனுராதபுரத்தில் உள்ள இரட்டைக் குளத்தில், நீர் முதலில் சிறு தொட்டிகளில் தேங்கி, வண்டல் படிந்த பின்னரே குளத்துக்குள் சென்றது. யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கேணி கடலை ஒட்டி அமைந்திருந்தும் நிலத்தடி ஊற்று நீரால் நிரம்புகிறது.

தமிழகத்துச் சிற்றூர்களில் நீச்சல் பழகும் இடம் பெரும்பாலும் பாசனக் கிணறும் ஏரியும்தான். கேரளத்தின் பழைய நாலுகெட்டு வீடுகள் பலவற்றில் வீட்டுக்கெனத் தனிக் குளம் உண்டு. சென்னையில் 1995ஆம் ஆண்டின் தெற்காசியக் கூட்டமைப்பு விளையாட்டுப் போட்டிகளுக்காக வேளச்சேரியில் நீச்சல் வளாகம் கட்டப்பட்டது. பழைய மாமல்லபுரம் சாலை, அதாவது இன்றைய ராஜீவ் காந்தி சாலை, தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் வழித்தடமாக வளர்ந்தபோது, அதன் இருபுறமும் எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நீச்சல் குளம் வழக்கமான வசதிகளுள் ஒன்றாயிற்று. தனி வீடுகளும் இதனைப் பின்பற்றலாயின.

கேளம்பாக்கத்தின் நிலமும் நீரும்

கேளம்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டத்தில், ராஜீவ் காந்தி சாலையும் வண்டலூரிலிருந்து வரும் சாலையும் சந்திக்கும் இடத்தில் உள்ளது. 2019இல் புதிய மாவட்டம் அமைக்கப்படும் வரை இது காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஊரின் கிழக்கே பக்கிங்காம் கால்வாயும் கோவளம் கழிமுகமும் உள்ளன. இப்பகுதியின் உப்பளங்கள் பெயர் பெற்றவை. உப்பு விளையும் நிலம் என்பதே கட்டுமானப் பொறியாளருக்கு இரண்டு செய்திகளைக் கூறுகிறது: நிலம் தாழ்வானது; நிலத்தடி நீரில் உப்பு கலந்திருக்க வாய்ப்பு மிகுதி.

கடற்கரை நிலங்களில் நன்னீர், அடர்த்தி மிகுந்த உவர்நீரின் மேல் ஒரு படலம்போல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது இதற்கான எளிய கணக்கு. ஆழ்துளைக் கிணறுகளால் அளவுக்கு மீறி நீரை இறைத்தால், மேலே நீர்மட்டம் சிறிது தாழ்ந்தாலும் கீழே உவர்நீர் பல மடங்கு மேலேறுகிறது. ஒருமுறை உவர்த்துப்போன கிணறு மீண்டும் நன்னீராக நீண்டகாலம் ஆகும். ஒரு வீட்டுக்காரர் இறைக்கும் நீரின் விளைவு அவருடைய மதில் சுவரோடு நின்றுவிடுவதில்லை.

சென்னை வட்டாரத்தின் ஆண்டு மழையளவு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். இதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் பெய்கிறது. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. மாறாக, 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் ஏறக்குறைய முற்றிலும் வறண்டன. அவ்வாண்டு சூலை மாதத்தில் சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டி மூலம் சென்னைக்கு நீர் கொண்டுவரப்பட்டது. இவ்விரு எல்லைகளுக்கும் இடையே நான்கு ஆண்டு இடைவெளிதான். கட்டப்படும் குளமோ பல பத்தாண்டுகள் நிற்க வேண்டியது.

வகைகள்

வீட்டு நீச்சல் குளங்களைக் கட்டும் பொருளைக் கொண்டு பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

- கான்கிரீட் குளம்: எவ்வடிவிலும் கட்டலாம். எடை மிகுதி. இந்தியாவில் பெரும்பான்மையானவை இவ்வகையே. பலகை அடைத்து வார்த்தோ, அழுத்தக் காற்றால் கலவையைப் பீய்ச்சியோ கட்டப்படும். பீய்ச்சும் கருவிக்கு 1911இல் அமெரிக்காவில் கார்ல் ஏக்லி காப்புரிமை பெற்றார்.
- கண்ணாடியிழைக் குளம்: ஆலையில் ஒரே ஓடாகச் செய்யப்பட்டு, குழியில் இறக்கி வைக்கப்படும். விரைவில் அமையும். எடை மிகக் குறைவு என்பதால் நிலத்தடி நீர் உயரும் இடங்களில் மிதந்தெழும் இடர் இதில் கூடுதல்.
- நெகிழித்தாள் குளம்: சுவர்களின் உட்புறம் தடித்த நெகிழித்தாள் விரிக்கப்படும். தாள் கிழியக்கூடியது. வெளியே உள்ள நீரின் அழுத்தத்தால் தாள் உப்பிக்கொள்வதும் உண்டு.
- தரைமேல் குளம்: உலோகச் சட்டத்தில் பொருத்திய நெகிழித் தொட்டி. குழி தோண்ட வேண்டியதில்லை. சில ஆண்டுகள் மட்டும் தேவைப்படுவோருக்கு ஏற்றது.

வடிவமைப்பு

அளவும் கொள்ளளவும்

இக்கட்டுரையின் கணக்குகளுக்கு 8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் கொண்ட குளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆழம் ஒரு முனையில் 0.9 மீட்டரிலிருந்து மறுமுனையில் 1.5 மீட்டர் வரை சீராக இறங்குகிறது எனில் சராசரி ஆழம் 1.2 மீட்டர்.

கொள்ளளவு = 8 × 4 × 1.2 = 38.4 கன மீட்டர், அதாவது 38,400 லிட்டர்.

இது 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் மூன்றுக்கும் சற்று மேற்பட்டது. இந்திய நகர்ப்புறங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்னும் வழக்கமான கணக்கின்படி, நால்வர் கொண்ட குடும்பத்தின் தேவை 540 லிட்டர். ஆகவே இக்குளத்தை ஒருமுறை நிரப்பும் நீர் அக்குடும்பத்துக்கு 71 நாட்களுக்குப் போதுமானது. ஆழத்தை வீணே கூட்டாமல் இருப்பது முதற்சிக்கனம். நின்றுகொண்டு விளையாடவும் நீந்தவும் 1.2 முதல் 1.5 மீட்டர் ஆழம் போதும். தலைகீழாகப் பாய்வதற்கு இந்த ஆழம் எவ்வகையிலும் போதாது.

மேலுதைப்பு

நிலத்தடி நீரில் மூழ்கிய தொட்டியை, அது வெளியேற்றிய நீரின் எடைக்குச் சமமான விசை மேல்நோக்கி உந்துகிறது. ஆர்க்கிமிடீசின் இத்தத்துவம் கப்பலுக்குப் பொருந்துவதைப் போலவே வெற்றுக் குளத்துக்கும் பொருந்தும்.

மேற்கண்ட குளத்தின் சுவரும் தளமும் 20 சென்டிமீட்டர் தடிமன் கொண்டவை எனவும், குளத்தின் விளிம்பு தரைமட்டத்தில் உள்ளது எனவும் கொள்வோம்.

- வெளி அளவு: 8.4 × 4.4 மீட்டர், பரப்பு ஏறத்தாழ 37 சதுர மீட்டர்
- தளத்தின் அடிவரை சராசரி ஆழம்: 1.4 மீட்டர்
- மண்ணுக்குள் உள்ள மொத்தப் பருமன்: 51.7 கன மீட்டர்
- கான்கிரீட்டின் பருமன்: 51.7 − 38.4 = 13.3 கன மீட்டர்
- கான்கிரீட்டின் எடை (கன மீட்டருக்கு 2.5 டன்): ஏறத்தாழ 33 டன்
- நீர்மட்டம் தரையைத் தொடும்போது மேலுதைப்பு: ஏறத்தாழ 52 டன்

சுற்றியுள்ள மண்ணின் உராய்வைக் கணக்கில் கொள்ளாவிடில், வெற்றுக் குளம் ஏறத்தாழ 18 டன் விசையால் மேலே தள்ளப்படும். நிலத்தடி நீர் தரைக்கு அரை மீட்டர் கீழே வந்தவுடனேயே எடையும் மேலுதைப்பும் சமமாகிவிடுகின்றன. தாழ்நிலங்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நீர்மட்டம் இவ்வளவு உயர்வது அரிதன்று. குளம் சில சென்டிமீட்டர் எழும்பினாலே தளம் விரிசலுற்று, குழாய் இணைப்புகள் முறிந்துவிடும். எழும்பிய குளம் நீர் வடிந்தபின் பழைய இடத்தில் சரியாக அமர்வதில்லை. அடியில் மணல் புகுந்திருக்கும்.

குளம் நிறைந்திருக்கும்போது நீரின் 38 டன் எடையும் சேர்ந்து மொத்தம் 71 டன்னுக்கு மேலாவதால் இந்த இடர் இல்லை. ஆகவே மழைக்காலத்தில் குளத்தைத் துப்புரவு செய்வதற்காகவோ, பழுது பார்ப்பதற்காகவோ முழுவதும் இறைத்துவிடக் கூடாது என்பது அடிப்படை விதி. இவ்விதி வரைபடத்தில் மட்டும் இருந்தால் போதாது. வீட்டை வாங்குவோர், வாடகைக்கு இருப்போர், குளத்தைப் பராமரிக்கும் பணியாளர் ஆகிய அனைவரும் அறியும் வண்ணம் மோட்டார் அறையில் எழுதி வைத்தல் நன்று.

மேலுதைப்பைத் தாங்கும் வழிகள்

1. தளத்தின் தடிமனைக் கூட்டுதல். கூடுதலாக 20 செ.மீ. தடிமன், அது வெளியேற்றும் நீரைக் கழித்தபின், ஏறத்தாழ 11 டன் நிகர எடையைத் தரும்.
2. தளத்தைச் சுவருக்கு வெளியே 30 செ.மீ. நீட்டி, அதன்மேல் மண்ணை நிரப்புதல். நீட்டிய தளமும் மண்ணும் சேர்ந்து மேலும் ஏறத்தாழ 11 டன் தரும். இவ்விரண்டும் சேர்ந்து 18 டன்னைத் தாண்டினாலும் கையிருப்பு குறைவே. பொறியியல் வழக்கில் கீழ்நோக்கிய எடை மேலுதைப்பைப் போல் 1.2 மடங்காவது இருக்க வேண்டும்.
3. தளத்தில் அழுத்தத் தணிப்பு வால்வு பொருத்துதல். வெளிநீரின் அழுத்தம் மிகும்போது இது திறந்து நிலத்தடி நீரைக் குளத்துக்குள் விடும். மணல் அடைத்துக்கொண்டால் இயங்காது என்பதால் இதனை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது.
4. குளத்தைத் தரைக்கு மேல் உயர்த்திக் கட்டுதல்.

கேளம்பாக்கம் போன்ற தாழ்நிலத்துக்கு நான்காவது வழி மிகப் பொருத்தமானது. அதே குளத்தின் விளிம்பைத் தரையிலிருந்து 70 செ.மீ. உயர்த்தினால், மண்ணுக்குள் இருக்கும் சராசரி ஆழம் 0.7 மீட்டராகக் குறைகிறது. நீர்மட்டம் தரையைத் தொட்டாலும் மேலுதைப்பு ஏறத்தாழ 26 டன் மட்டுமே. 33 டன் எடையுள்ள வெற்றுக் குளம் 1.29 மடங்கு பாதுகாப்புடன் நிலைத்து நிற்கும். தோண்டும் மண்ணும், தோண்டும்போது இறைக்க வேண்டிய நீரும் குறைகின்றன. தெருவில் ஓடும் வெள்ளமும் கழிவுநீரும் குளத்தில் எளிதில் புகுவதில்லை. எனினும் தரைக்கு மேல் 20 செ.மீ. அளவுக்கு வெள்ளம் தேங்கினால் இங்கும் எடையும் மேலுதைப்பும் சமமாகிவிடும். ஆகவே உயர்த்திக் கட்டிய குளத்தையும் மழைக்காலத்தில் வெறுமையாக வைத்திருத்தல் கூடாது.

உயர்த்திய குளத்தின் சுவருக்கு வெளியே மண்ணின் தாங்கல் குறைவு. 1.5 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1.5 டன். எனவே உள்ளே நீரும் வெளியே வெறுமையும் உள்ள நிலை, வெளியே ஈரமண்ணும் உள்ளே வெறுமையும் உள்ள நிலை ஆகிய இரண்டுக்கும் சுவரின் இருபுறமும் கம்பி அமைக்க வேண்டும். செங்கல் சுவர் இதற்குப் போதாது. இக்கணக்குகள் விளக்கத்துக்கானவை, மண் பரிசோதனைக்குப் பின் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரே இறுதி அளவுகளை முடிவு செய்ய வேண்டும்.

கட்டுமானம்

நீர் தேக்கும் கான்கிரீட் கட்டமைப்புகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 3370 வழிகாட்டுகிறது. நிலத்தடித் தொட்டிகள், நீச்சல் குளங்கள் ஆகியவற்றின் நீர்க்கசிவுத் தடுப்புக்கு ஐ.எஸ். 6494 உள்ளது. பணி பொதுவாகப் பின்வரும் வரிசையில் நடைபெறும்.

1. காலம்: நிலத்தடி நீர் இறங்கத் தொடங்கும் தை மாதத்துக்குப் பின் தோண்டி, ஆடிக்குள் கான்கிரீட் பணிகளை முடித்தல் ஏற்றது.
2. தோண்டுதல்: மணற்பாங்கான இடத்தில் குழியின் பக்கங்களைச் சரிவாக வெட்ட வேண்டும். நீர் ஊறினால் குழியின் ஓரத்தில் சிறு பள்ளம் எடுத்து இறைக்க வேண்டும். வீட்டு அடித்தளத்துக்கு மிக அருகில் தோண்டுவது வீட்டுக்கே கேடாகும்.
3. அடித்தளம்: மண்ணை இறுக்கி, ஜல்லி பரப்பி, 10 செ.மீ. அளவுக்குச் சாதாரணக் கான்கிரீட் இடப்படும்.
4. கம்பி கட்டுதல்: கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிப்பரப்புக்கும் இடையே போதிய மூடுதடிமன் இருக்கும்படி கவர் கட்டைகள் வைக்க வேண்டும். உவர் நிலத்தில் கம்பி துருப்பிடிப்பதைத் தடுக்கும் முதல் அரண் இதுவே.
5. குழாய் பதித்தல்: அடிவடிகால், ஸ்கிம்மர், நீர் திரும்பும் வாய்கள், விளக்குக் குழிகள் ஆகியவற்றை வார்ப்பதற்கு முன்பே பொருத்த வேண்டும். பின்னர் துளையிட்டுச் செருகும் ஒவ்வொரு குழாயும் ஒரு கசிவுக்கு இடமளிக்கும்.
6. வார்த்தல்: குறைந்தது எம்30 தரக் கான்கிரீட் தேவை. தளமும் சுவரும் சேருமிடத்தில் நீர்த்தடுப்புப் பட்டை வைக்க வேண்டும்.
7. நீராற்றுதல்: ஓரிரு வாரங்களாவது ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும்.
8. கசிவுச் சோதனை: ஓடு பதிக்கும் முன்பே நீர் நிரப்பிப் பார்க்க வேண்டும். ஒரு வாளியில் நீர் ஊற்றிக் குளத்தின் படியில் வைத்து, வாளியில் நீர் குறையும் அளவையும் குளத்தில் குறையும் அளவையும் ஒப்பிடலாம். குளத்தில் கூடுதலாகக் குறைந்தால் அவ்வேறுபாடு கசிவாகும்.
9. பூச்சும் ஓடும்: நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சுக்குப் பின் வழுக்காத ஓடுகள் பதிக்கப்படும்.

கலவைக்கான நீர் இப்பகுதியில் தனிக் கவனத்துக்கு உரியது. கம்பியிட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என ஐ.எஸ். 456 வரையறுக்கிறது. உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீரையோ கடல் மணலையோ பயன்படுத்தினால், உள்ளிருக்கும் கம்பி சில ஆண்டுகளில் துருவேறிப் பருத்து, கான்கிரீட்டைப் பிளந்துவிடும். பணி தொடங்கும் முன் நீரை ஆய்வகத்தில் சோதித்தல் வேண்டும்.

நீர்ச் சுற்றோட்டமும் வடிகட்டலும்

குளத்தின் நீர் முழுவதும் ஒருமுறை வடிகட்டி வழியே சென்று திரும்ப எடுத்துக்கொள்ளும் காலம் சுற்றுக்காலம் எனப்படும். வீட்டுக் குளங்களுக்கு 6 முதல் 8 மணி நேரம் போதுமானது. 38.4 கன மீட்டர் நீரை 6 மணி நேரத்தில் சுற்ற, மணிக்கு 6.4 கன மீட்டர் ஓட்டம் தேவை. மணல் வடிகட்டியில் சதுர மீட்டருக்கு மணிக்கு 30 முதல் 40 கன மீட்டர் வரை செலுத்தலாம். எனவே அரை மீட்டர் விட்டமுள்ள வடிகட்டியும் முக்கால் முதல் ஒரு குதிரைத்திறன் வரையிலான மோட்டாரும் போதும்.

மணல் வடிகட்டியில் சேரும் அழுக்கை நீக்க நீரை எதிர்த்திசையில் செலுத்திக் கழுவ வேண்டும். இவ்வளவுள்ள வடிகட்டிக்கு ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 600 லிட்டர் நீர் வெளியேறும். நீர்த் தட்டுப்பாடு உள்ள இடங்களில், கழற்றிக் கையால் கழுவக்கூடிய கார்ட்ரிட்ஜ் வடிகட்டியைத் தேர்ந்தெடுத்தால் இந்த இழப்பில் பெரும்பகுதி மிஞ்சும்.

நீரின் வேதியியல்

நீச்சல் குள நீரின் தரத்துக்கு இந்தியாவில் ஐ.எஸ். 3328 உள்ளது. நடைமுறையில் பி.எச். மதிப்பை 7.2 முதல் 7.8 வரையிலும், தனிக் குளோரினை லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரையிலும் பேணுவர்.

இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை. குளோரின் நீரில் கரையும்போது உண்டாகும் ஐப்போகுளோரசு அமிலமே கிருமிகளை விரைந்து கொல்கிறது. பி.எச். 7.5 ஆக இருக்கும்போது ஏறத்தாழ பாதி குளோரின் இவ்வடிவில் இருக்கும், 8.0 ஆனால் நான்கில் ஒரு பங்கே எஞ்சும். எனவே பி.எச். மிகுந்த குளத்தில் பவுடரை மேலும் மேலும் கொட்டுவதால் பயன் குறைவு, முதலில் பி.எச். மதிப்பைச் சரிசெய்ய வேண்டும்.

38,400 லிட்டர் நீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் சேர்க்க 77 கிராம் குளோரின் தேவை. 65 விழுக்காடு வலிமையுள்ள கால்சியம் ஐப்போகுளோரைட்டு எனில் ஏறத்தாழ 118 கிராம். சாதாரண பிளீச்சிங் பவுடரும் பயன்படும். ஆனால் அதன் சுண்ணாம்பு அடியில் படியும் என்பதால் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். வெயிலில் குளோரின் விரைவில் சிதைவதால் மாலையில் இடுவது சிக்கனமானது. குளோரின் பொருளையும் அமிலத்தையும் ஒருபோதும் ஒரே பாத்திரத்தில் கலக்கலாகாது; நச்சு வாயுவான குளோரின் வெளிப்படும்.

ஆழ்துளைக் கிணற்று நீரில் இரும்பு இருந்தால், குளோரின் பட்டவுடன் நீர் பழுப்பாகும். கடினத்தன்மை மிகுந்திருந்தால் ஓட்டிலும் குழாயிலும் சுண்ணப் படிவு சேரும். இவ்விரு குறைகளும் மழைநீரில் இல்லை. மழைநீரின் மென்மை சிமெண்டுப் பூச்சை அரிக்காதிருக்க அதன் காரத்தன்மையைச் சிறிது கூட்டிக்கொள்ள வேண்டும். உப்பு கலந்து மின்னாற்பகுப்பால் குளோரின் உண்டாக்கும் கருவிகளும் உள்ளன. இவற்றுக்கு லிட்டருக்கு 3 முதல் 4 கிராம் உப்பு தேவை. ஏற்கெனவே உவர்க்கத் தொடங்கிய நிலத்தில் அந்நீரை வெளியேற்றுவது மண்ணுக்கும் அயலார் கிணற்றுக்கும் தீங்கு தரும்.

நீர்த் தேவையும் மழைநீரும்

கோடையில் நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாகிறது எனில், 32 சதுர மீட்டர் பரப்புள்ள குளம் 192 லிட்டரை இழக்கிறது. இது நால்வர் குடும்பத்தின் அன்றாட நீர்த்தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். பயன்படுத்தாத நேரத்தில் குளத்தை மிதக்கும் விரிப்பால் மூடினால் இவ்விழப்பில் பெரும்பகுதியைத் தடுக்கலாம். விரிப்பின்மேல் யாரும் ஏறவோ, அதனடியில் நீந்தவோ கூடாது.

தமிழகத்தில் 2003ஆம் ஆண்டு முதல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக உள்ளது. 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் விழும் மழையில் 80 விழுக்காடு கிடைக்கிறது எனவும், குளத்தின் பரப்பில் நேரடியாக விழும் மழையையும் சேர்த்துக்கொண்டால், ஏறத்தாழ 343 மில்லிமீட்டர் மழையில் மேற்கண்ட குளம் முழுவதும் நிரம்பிவிடும். வழக்கமான பருவமழையில் இது கார்த்திகைக்குள் கிடைத்துவிடும் அளவு. முதல் மழையின் அழுக்கு நீரைத் தனியே வெளியேற்றி, மணலும் ஜல்லியும் கொண்ட வடிகட்டி வழியே குளத்துக்கு விட வேண்டும். குளம் நிரம்பியபின் எஞ்சும் நீர் உறை கிணற்றின் வழியாக நிலத்துக்குச் செல்லும்படி அமைத்தால், ஆழ்துளைக் கிணற்றுக்கும் அது துணையாகும்.

வரைபடத்திலேயே இவ்விணைப்பைச் சேர்த்தால் குளம் நீரை உண்ணும் பொருளாக மட்டும் இராமல், 38,400 லிட்டர் மழைநீர்ச் சேமிப்பாகவும் அமையும். குளோரின் இடுவதைச் சில நாட்கள் நிறுத்தி வெயிலில் விட்டால், அந்நீரைக் கழிவறைக்கும் தரை கழுவவும் தோட்டத்துக்கும் பயன்படுத்தலாம். மீண்டும் மழை வருமுன் குளத்தை வற்றவிடும் குடும்பம், பருவமழை தீவிரமடையும் முன் அதனைப் பாதிக்கு மேலாவது நிரப்பிவிட வேண்டும் என்பதை மறத்தல் ஆகாது.

பாதுகாப்பு

சிறு குழந்தைகள் பெரும்பாலும் ஓசையின்றி மூழ்குகின்றனர். கூக்குரல் கேட்கும் என்று எதிர்பார்த்தல் கூடாது. சில நிமிடங்கள் மூச்சு தடைப்பட்டாலே மூளை மீளாப் பாதிப்பை அடையும்.

- வேலி: குளத்தைச் சுற்றி நாற்புறமும் 1.2 மீட்டர் உயர வேலியும், தானே மூடித் தாழிட்டுக்கொள்ளும் கதவும் அமைக்க வேண்டும். ஆஸ்திரேலிய மாநிலங்களில் வேலி சட்டப்படி கட்டாயம். உயர்த்திக் கட்டிய குளத்தின் 70 செ.மீ. சுவர் வேலிக்கு ஈடாகாது. குழந்தைகள் அதில் ஏறிவிடுவர்.
- மேற்பார்வை: நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கைக்கு எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். நெஞ்சழுத்தமும் செயற்கை மூச்சும் தரும் முதலுதவியை வீட்டிலுள்ள பெரியவர் அனைவரும் கற்றிருத்தல் நலம்.
- அடிவடிகால்: ஒரே வடிகாலில் மோட்டார் முழு விசையுடன் உறிஞ்சினால், தலைமுடியோ உடலோ அதில் சிக்கிக்கொள்ளும். இவ்வாறு சிக்கி 2002இல் உயிரிழந்த ஏழு வயதுச் சிறுமியின் பெயரில் அமெரிக்காவில் 2007இல் வர்ஜீனியா கிரேம் பேக்கர் சட்டம் இயற்றப்பட்டது. இடைவெளி விட்டு இரண்டு வடிகால்கள் அமைத்து, கவிந்த மூடியிட்டால் இவ்விடர் பெரிதும் குறையும்.
- மின்சாரம்: குளத்தினுள் 12 வோல்ட்டு விளக்குகளையே பயன்படுத்த வேண்டும். மோட்டார் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் கருவி கட்டாயம். கம்பிகளும் உலோகக் கைப்பிடிகளும் நில இணைப்புடன் இணைக்கப்பட வேண்டும்.

அனுமதி

கட்டட அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போதே குளத்தையும் வரைபடத்தில் காட்ட வேண்டும். தமிழகத்தில் இதற்கு 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் அடிப்படையாக உள்ளன. கேளம்பாக்கத்தின் கிழக்குப் பகுதியில், கழிமுகத்தின் கரையை ஒட்டிய மனை எனில், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறதா என்பதை நிலம் வாங்கும் முன்பே அறிந்துகொள்ள வேண்டும். இம்மண்டலத்தில் கட்டுமானத்துக்கும் நிலத்தடி நீர் எடுப்பதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு.

கைவிடப்பட்ட குளங்கள்

மோட்டார் நின்று, குளோரின் இடாத குளம் சில நாட்களிலேயே பாசி படிந்து பச்சையாகும். ஓரிரு வாரங்களில் கொசு முட்டையிட்டுப் பெருகும். கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் பெருகும் அனாபிலிசு இசுடீபன்சி என்னும் கொசுவே சென்னை நகரில் மலேரியாவைப் பரப்புவது. எனவே பயன்படுத்தாத வீட்டுக் குளமும் சுற்றுப்புறத்தின் சிக்கலாகிறது. கொசு ஒழிப்புக்கென இறைத்துவிட்டால் மழைக்காலத்தில் குளம் எழும்பும். நீரை விட்டுவைத்து, கம்பூசியா அல்லது கப்பி மீன்களை விடுதல் இடைக்காலத் தீர்வாகும். குளத்தை நிரந்தரமாக மூட விரும்புவோர், தளத்தில் பல துளைகள் இட்டு நீர் வடிய வழி செய்த பின்னரே மணல் நிரப்ப வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- மழைநீர் சேகரிப்பு
- ஆர்க்கிமிடீசு தத்துவம்
- கோவளம்
- பக்கிங்காம் கால்வாய்
- நீச்சல்